பந்து தெரிகிறதா

அப்பாவின் கண்கள் இடமிருந்து வலமாகப் போயின. கொஞ்சம் நின்றன. பிறகு வலமிருந்து இடமாகத் திரும்பின.

கஞ்சிக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்த ஸ்ரீவித்யா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா பகல் முழுக்க அந்தப் பிரம்பு நாற்காலியில்தான். எதிரே இருந்தது வெறும் சுவர்; புது வீட்டின் சிமெண்டு வாசனை இன்னும் போகாத, காலண்டர்கூட மாட்டாத சுவர். ஈ ஏதாவது பறக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஜன்னலுக்கு வெளியே சாயங்கால வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, மனைக் கற்களுக்கு நடுவே மண்டிய வேலிக்காத்தான் புதர்களின் மேல் மெதுவாக அணைந்துகொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. அப்பாவின் தலை அசையவே இல்லை. கண்கள் மட்டும் போயின, வந்தன.

"அப்பா?"

அவர் திரும்பவில்லை. நன்றாக இருட்டி, டியூப்லைட் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் கண்கள் ஓய்ந்தன. அப்போதும் இமை மூடவில்லை.

அன்று டைரியில் அதை எழுதிவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். உத்திரமேரூர் பஜாரில் ஒரு மாடியில் நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்ததிலிருந்து தினமும் டைரி எழுதுகிறாள். மாஸ்டர் எழுதச் சொல்லியிருந்தார். பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுவாள். எழுதியதும் சந்தேகம் வந்துவிடும். பஸ் தாமதமாக வந்தது, கேள்விக்குறி. மழை வரும்போல் இருந்தது, கேள்விக்குறி. "ஏம்மா, நீ எழுதுறது டைரியா, கொஸ்டின் பேப்பரா?" என்று மாஸ்டர் கேட்டபோது வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் கேள்விக்குறியை விடவில்லை. தன் கண்ணைத் தானே நம்பாத பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம். அவளுக்கு அப்பா, அப்பாவுக்கு அவள். செங்கல்பட்டு டாக்டர் போன தடவை வெளியே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தூக்கம்தாம்மா இவருக்கு மருந்து. கண்ணை மூடித் தூங்கணும். இன்னொரு அட்டாக் வந்தா தாங்க மாட்டார்."

அப்பாவோ தூங்கவில்லை.

அவள் வகுப்புக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள மானாம்பதி ரோட்டிலிருந்து பச்சையம்மாள் வருவாள். மறுநாள் வகுப்பு முடிந்து வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, ஐயா செவுத்துல சினிமா பாத்துகினு கீறாரு? எனக்கு ஒரு டிக்கெட்டு வாங்கக் கூடாதா?"

"நீங்களும் பாத்தீங்களாக்கா?"

"பாக்காம? நானும் பக்கத்துல குந்தி செவுத்தயே பாத்தேன். எனக்கு ஒண்ணும் படம் ஓடல." சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டியவள் ஒரு நொடி நின்றாள். "ஆமா, இந்தக் காஞ்ச வெயில்ல யாரு பாப்பா புல்லு அறுக்குறாங்க? வாசன தூக்குது."

பங்குனி வெயிலில் ஏரி பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த மனைகளில் ஆடு மேயக்கூட ஒரு பச்சை இல்லை. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தபோது ஸ்ரீவித்யாவுக்கும் அந்த வாசனை வந்தது. அப்போதுதான் வெட்டி, தண்ணீர் தெளித்த புல்லின் குளிர்ந்த வாசனை. தெருவில் இல்லை. இன்னும் விளக்கு போடாத கூடத்தில். அதோடு ஒரு சத்தம். தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல, சாக்கு சுற்றிய காலோடு ஏதோ கனமான மிருகம் நடக்கிற சத்தம், அதன் பின்னால் அதைவிடக் கனமான ஏதோ ஒன்று மெதுவாக உருண்டு வருகிற சத்தம். சுவர் ஓரம்வரை போனது. திரும்பியது. நின்றது.

பிறகு, *டொக்*.

கொஞ்சம் இடைவெளி.

*டொக்*.

அப்பாவின் கண்கள் அந்தச் சத்தத்தோடு போயின. சத்தத்தோடு வந்தன. திடீரென்று அவருடைய நல்ல கை நாற்காலியின் கையைப் பிடித்து இறுக்கியது.

"அவுட்," என்றார் அப்பா.

கிண்ணம் கீழே விழுந்து கஞ்சி சிதறியது. ஸ்ரீவித்யா ஓடிப்போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. இன்னொரு தடவை சொல்லுங்கப்பா, என் பேரைச் சொல்லுங்கப்பா என்று கெஞ்சினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த எதையோ பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமோதரன் வந்தார். அப்பாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். தாலுகா ஆபீஸில் ரிட்டையராகித் திருப்புலிவனத்தில் இருக்கிறார். டிவிஎஸ் ஃபிஃப்டியை நிழலில் நிறுத்திவிட்டு, "டேய் சத்யா, இன்னாடா ராஜா மாதிரி குந்திகினு கீற!" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். ஆனால் ஸ்ரீவித்யா அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் அவர் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது.

"அவுட்டா? அவுட்டுன்னா சொன்னான்?"

"ஆமா மாமா. அப்படித்தான் கேட்டுச்சு. நிச்சயமாச் சொல்ல முடியல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த எடம் இன்னா எடம்னு உங்கப்பன் உன்கிட்ட சொல்லவே இல்லியா?"

மனை போடுவதற்கு முன்னால், வேலிக்காத்தான் மண்டுவதற்கும் முன்னால், இது புல் மைதானமாக இருந்ததாம். சீமையில் படித்துவிட்டு வந்த மிராசுதார் ஒருவர் ஏரித் தண்ணீரைத் திருப்பிவிட்டுப் புல் வளர்த்தார். வருஷா வருஷம் தை மாதத்தில் டென்னிஸ் போட்டி. பெங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் கார்கள் வரும். பந்தல், சோடா, வெள்ளிக் கோப்பை எல்லாம் உண்டு. புல்லைச் சமன்படுத்தக் கல் உருளையை மாடுகள் இழுக்கும். குளம்பு புல்லைக் கிழித்துவிடக் கூடாது என்று மாட்டுக் கால்களுக்குச் சாக்கு கட்டுவார்கள்.

ஸ்ரீவித்யா சட்டென்று தரையைப் பார்த்தாள். அவள் அந்தச் சத்தத்தைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை.

"மிராசுதார் ஒரு ரூல் வெச்சிருந்தாரு. சாயங்காலம் வெளிச்சம் போனா ஆட்டத்த எப்ப நிறுத்துறது? ஆடுறவன கேட்டா, தோக்குறவன் இருட்டுன்னுவான், ஜெயிக்கிறவன் பகலுன்னுவான். அதனால கோட்டோரம் ஸ்டூல்ல குந்தி பந்து உள்ள விழுதா வெளிய விழுதான்னு பாக்குற உள்ளூர் ஆளத்தான் கேப்பாங்க. அம்பயர் மேல நாற்காலில இருந்து, ‘லைன், பந்து தெரிகிறதா?’ன்னு கேப்பாரு. தெரியலன்னு சொல்லிட்டா ஆட்டம் அன்னிக்கு நிறுத்தம்."

"அந்த ஆள் அப்பாவா?"

"கடைசி வருஷம் அவன்தான். காலேஜ்ல சேர்ந்த புதுசு. அவனுக்கு அப்பவே கண்ணு அவுட்டு பாப்பா!" தாமோதரன் சிரிக்கப் பார்த்தார். "கண்ணாடி போட்டவன லைனுக்கு குந்த வெக்க மாட்டாங்க. இவன் கண்ணாடிய டவுசர் பாக்கெட்ல ஒளிச்சி வெச்சிகினு குந்திட்டான். சத்தத்த வெச்சே அவுட்டு சொன்னான். ஃபைனல் இழுத்துகினே போச்சு. இருட்டு கட்டுது. அம்பயர் கேக்குறாரு, தெரியுதான்னு. இவனுக்கு மத்தியானம் எப்பிடியோ அப்பிடியேதான சாயங்காலமும்? தெரியலன்னா மாட்டிக்குவோம்னு பயம். ‘தெரியுது’ன்னான். திரும்பக் கேக்குறாரு. திரும்ப ‘தெரியுது’ன்னான். எங்களுக்கெல்லாம் கைய நீட்டுனா கை தெரியல. பந்துச் சத்தம் மட்டும் கேட்டுகினே கீது."

"அப்புறம்?"

"நான்தான் பெட்ரோமாக்ஸ் கொளுத்தி எடுத்தாந்தேன். வெளிச்சம் பட்டதும் சத்தம் நின்னுச்சு. கிரவுண்டுல யாரும் இல்ல. ஆடுன ரெண்டு பேரும் இல்ல. மேல நாற்காலியும் காலி. அவங்க வந்த காரு அங்கியே நின்னுகினு கீது. ஏரிய வல போட்டு அரிச்சாங்க. ஒண்ணும் கெடைக்கல. அதோட போட்டியும் நின்னு போச்சு."

வெளியே ஒரு காக்கை கத்தியது. தாமோதரன் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க மனை போட்டப்ப மொத ஆளா வந்து இந்த மனையதான் வேணும்னு வாங்குனான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருடான்னேன். ‘அங்க ஒரு வார்த்த சொல்ல வேண்டியது பாக்கி கீதுடா தாமு’ன்னான். வூடு கட்டி முடிச்சான். சொல்றதுக்குள்ள வாய் போயிடுச்சு."

அவர் எழுந்தார். "வெளிச்சம் இருக்கும்போதே கெளம்புறேன்."

"மணி பன்னெண்டுகூட ஆகலையே மாமா."

"இருக்கட்டும் கண்ணு," என்று வண்டியை உதைத்தார்.

அதற்கடுத்த நாட்களில் அப்பா இளைத்தார். கன்னம் ஒட்டியது. கண்களில் சிவப்பு நரம்புகள் ஓடின. இரவு முழுக்கத் திறந்தே கிடந்த இமைகளில் காலையில் பீளை காய்ந்திருக்கும். ஸ்ரீவித்யா வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுப்பாள். நாற்காலியை வேறு அறைக்கு மாற்றிப் பார்த்தாள். அங்கும் கண்கள் கூடத்தின் பக்கமே ஓடின. நூறு வாட்ஸ் பல்பு வாங்கிப் போட்டாள். வெளிச்சத்தில் சத்தம் நின்றது; கண்கள் நிற்கவில்லை. அவர் காத்துக்கொண்டிருப்பது போலிருந்தது. வெளிச்சம் ஆட்டத்தை மறைக்கிறதே தவிர முடிப்பதில்லை என்று தோன்றியது. முடிக்க அந்த ஒரு வார்த்தை வேண்டும். அதை அப்பா சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இப்படியே பார்த்துப் பார்த்து ஒரு நாள் செத்துப்போவார்.

வெள்ளிக்கிழமை அவள் வகுப்புக்குப் போகவில்லை. பச்சையம்மாளையும் அனுப்பிவிட்டாள். பின்கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் காமாட்சி விளக்கை ஏற்றினாள். மெயின் சுவிட்சை இறக்கினாள்.

சாக்குக் கட்டிய கால்கள் வந்தன. உருளை வந்தது. நின்றது. புல் வாசனை எழுந்து கூடத்தை நிறைத்தது.

*டொக்*.

விளக்குச் சுடர் இடப்பக்கம் சாய்ந்தது.

*டொக்*.

வலப்பக்கம் சாய்ந்தது. காற்று இல்லை. சுடரைத் தாண்டி யாரோ ஓடுகிறார்கள். மூச்சிரைக்கிறது. இந்தப் பக்கம் ஒருவர். அந்தப் பக்கம் ஒருவர். மிகவும் களைத்த மூச்சு. நாற்பது வருடம் ஓடிக் களைத்த மூச்சு.

வாயால் ஊதாமல், செம்பருத்திப் பூவால் சுடரை ஒற்றி அணைத்தாள். முழு இருட்டு. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு உள்ளங்கையை அவர் கண்களின் மேல் வைத்து மூடினாள்.

கைக்குக் கீழே கண்விழிகள் உருண்டன. இடது. வலது. இடது. வலது. சின்ன முட்டைகள்போல. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

"சொல்லுங்கப்பா," என்றாள் அவர் காதில். "யாரும் திட்ட மாட்டாங்க. கண்ணு தெரியாதுன்னு யாரும் சிரிக்க மாட்டாங்க. தெரியலன்னு சொல்லிடுங்கப்பா."

மின்விசிறி தொங்கும் உயரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மரியாதையான, அவசரமில்லாத குரல்.

"லைன். பந்து தெரிகிறதா?"

அப்பாவின் தாடை நடுங்கியது. உதடு கோணியது. எச்சில் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"தெரியல," என்றார் அப்பா.

சத்தம் நின்றது.

மூச்சிரைப்பு நின்றது. கைக்குக் கீழே விழிகள் நின்றன. இமைகள் மெல்ல இறங்கி, அவள் உள்ளங்கையை இமைமயிர்கள் உரசின. தூங்குகிறார். தூங்குகிறாரா? மூச்சைக் கேட்கக் குனிந்தாள்.

"லைன்."

குரல் இப்போது பக்கத்தில் கேட்டது. குனிந்து பார்க்கிற குரல். அப்பாவை அல்ல.

பாதத்துக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. மெத்தென்று இருந்தது. புல் நுனிகள் விரலிடுக்கில் குத்தின.

"பந்து தெரிகிறதா?"

தெரியல. ஒரே வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

இருட்டில் ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது. சுவரைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, நேராக. அதன் இரண்டு பக்கமும் முகம் தெரியாத உயரத்தில் வெள்ளை உடுப்புகள். அவற்றுக்கு நடுவே, அவ்வளவு தெளிவாக, மேலே இருக்கும் ரோமம்கூடத் தெரியும்படி, ஒரு வெள்ளைப் பந்து வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுந்தது. கோட்டுக்கு வெளியே. ஒரு விரற்கடை.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"அவுட்," என்றாள் ஸ்ரீவித்யா.

அப்பாவின் கண்களை மூடிய கை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே எதுவும் அசையவில்லை, சூடும் இல்லை. அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் இடமிருந்து வலமாகப் போயின. கொஞ்சம் நின்றன. பிறகு வலமிருந்து இடமாகத் திரும்பின.