இருபது நிமிடம் முந்திய கைக்கடிகாரம்

ஜபருல்லா பட்டறைக்குள் நுழைந்தபோது சாந்தாமணி பம்ப் மோட்டார் ஒன்றுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒப்பணக்கார வீதியில் முப்பது வருஷமாகக் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். இன்று முகம் செத்துப்போயிருந்தது.

"ஏனுங்க சீனிவாசலு, உங்க சொந்தக்காரங்க ரங்கநாயகியம்மா என்னைத் திருடன்னு வீதியில நின்னு சத்தம் போட்டுட்டாங்க. காலமான அவங்க ஊட்டுக்காரர் வாட்ச்சுல உள்ள இருந்ததை நான் மாத்திப்போட்டனாமா!"

பட்டறை முதலாளி சீனிவாசலு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "வாட்ச் நின்னு போச்சுங்களா?"

"நிக்கலீங்க. தினம் இருபது நிமிஷம் முந்துது. சுத்தம் பண்ணி நாலு நாள் கடையில வெச்சிருந்தேன், ஒரு நிமிஷம் பிசகலை. காந்தம் பட்டிருக்கும்னேன். 'என் ஊட்டுல ஏது காந்தம், தேடிக் காட்டு'ங்கறாங்க. வாட்ச்சைத் தொடவும் விடமாட்டேங்கறாங்க. இன்னிக்கு மூணு பேரு, குடுத்த வாட்ச்சைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அவங்க பையன் கிஷன் மாத்தியிருப்பானுங்கண்ணா!" என்றாள் சாந்தாமணி.

"அவன் பெருந்துறைக்கு வேலைக்குப் போயி எட்டு மாசமாச்சு கண்ணு. வா, போய்ப் பாத்துட்டு வரலாம்."

ரங்கநாயகி கடிகாரத்தைக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு காபி கொடுத்தாள். "அவரு இருந்தவரைக்கும் இது மணிக்கட்டை விட்டு இறங்கினதில்ல சீனு. போனப்புறம்தான் சும்மா கெடந்து நின்னுபோச்சு, சுத்தம் பண்ணக் குடுத்தேன்."

"ராத்திரி எங்கீங்கக்கா வைப்பீங்க?"

"பத்திரமாத்தான்" என்றாள், இடத்தைச் சொல்லாமல்.

சாந்தாமணி தையல் மெஷின், பீரோ, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாவற்றையும் துழாவினாள். ஃப்ரிட்ஜ் கதவில் ரப்பருக்குள் காந்தம் இருப்பது அவளுக்குத் தெரியும். "இதுதானுங்கண்ணா!"

"அது வலுவில்லாதது கண்ணு. ரேடியோவைப் பாரு."

ரேடியோவின் தலையில் விரல் கனத்துக்குத் தூசி. பின்மூடி உடைந்ததால் புடவைக் கரைத் துண்டால் கட்டியிருந்தார்கள். அந்தத் துண்டில் மட்டும் தூசியே இல்லை. முடிச்சு தேய்ந்து பளபளத்தது.

"தூசி தட்டாத ரேடியோவுக்கு முடிச்சை மட்டும் தினம் அவுக்கறது எதுக்குங்கக்கா?"

ரங்கநாயகி தலை குனிந்தாள். "தனியா இருக்கறனில்ல... திருட்டுப் பயம். கடையில இருந்து வாங்கிட்டு வந்ததுல இருந்து ராத்திரி இதுக்குள்ளதான் வெக்கறேன், ரேடியோவுக்குள்ள எவன் தேடுவான்னு."

சீனிவாசலு மூடியை விலக்கினார். உள்ளே ஸ்பீக்கரின் முதுகில் கனத்த வட்டக் காந்தம். அவளுடைய கொண்டை ஊசியை வாங்கி அதன்மேல் ஒரே பக்கமாக நாலைந்து தடவை இழுத்தார். பிறகு அந்த ஊசி ஒரு குண்டூசியைத் தூக்கியது.

"இரும்புக்குள்ள துளித்துளியாக் காந்தம் நிறைய இருக்குதுங்கக்கா. சந்தைக் கூட்டமாட்டம் ஆளுக்கொரு பக்கம் பாத்து நிக்கறதால வெளிய தெரியாது. பெரிய காந்தம் கிட்ட வந்தா எல்லாம் ஒரே பக்கம் திரும்பிப்போடும். சாதா தேனிரும்பு அப்புறம் மறந்துரும், எஃகு மறக்காது. வாட்ச்சுக்குள்ள இருக்கற மெல்லிசுச் சுருள் கம்பி எஃகு. காந்தமானதும் சுத்துக்குச் சுத்து ஒட்டிக்கிச்சு. சுருள் நீளம் குறைஞ்ச மாதிரி ஆயிரும், வேகமா அடிக்கும். உள்ள இருக்கறதெல்லாம் மாமா கட்டியிருந்ததேதான்."

"அவரோடதேவா?" அவள் பொத்திய கையைத் திறந்து கடிகாரத்தை அவரிடம் நீட்டினாள்.

பட்டறையில், சுழலும் பாகத்தை எடுத்துவிட்ட மோட்டார் கூட்டின் நடுவில் கடிகாரத்தைப் பிடித்து, கரண்ட் போட்டபடியே மெல்ல வெளியே இழுத்தார் சீனிவாசலு. "இந்தக் கரண்ட் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும். இழுக்க இழுக்க வலுவும் குறையும். கூட்டம் பழையபடி கலைஞ்சிரும்."

மூன்று நாள் பட்டறையிலேயே வைத்து, ரேடியோவில் செய்தி வரும் நேரத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

நாலாம் நாள் ரங்கநாயகி, கடிகாரத்தைத் தன் மணிக்கட்டிலேயே கட்டிக்கொண்டு ஒப்பணக்கார வீதிக்குப் போனாள். கூடப் போன சாந்தாமணி கடைக்குள் போகலாம் என்று காட்டினாள். ரங்கநாயகி வீதி நடுவிலேயே நின்றாள்.

"ஏனுங்க ஜபருல்லா! நீங்க எதையும் மாத்தலீங்க! தப்பு என் மேலதானுங்க!"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜபருல்லா பதறி எழுந்தார். "மெதுவாச் சொல்லுங்கம்மா."

"அன்னிக்கு மெதுவாவா சொன்னேன்?" என்றாள் அவள், இன்னும் உரக்க.