நான்காம் தொட்டியின் தண்ணீர்

காலை 6.40. தேவிபட்டினம் கடற்கரையில், பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கொட்டகையில், நான்காம் தொட்டியின் மூடியைத் திறந்த யும்னா, "யா அல்லாஹ்!" என்று அலறினாள்.

அடுத்த அறைகளிலிருந்து வசந்தகுமாரும் நாகஜோதியும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். நேற்றுவரை செக்கச்செவேலென்று இருந்த கடற்பாசி வெளுத்து, கொழகொழவென்று மிதந்தது. வெயிலைத் தாங்கும் ரகம். யும்னா இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்தது. பதினொரு மணிக்கு நிபுணர் குழு வருகிறது. ஆய்வு மாணவர்களான யும்னா, வசந்தகுமார் இருவரில் ஒருவருக்குத்தான் ஆய்வு நீட்டிப்பு.

"அடப் பாவமே!" என்றான் வசந்தகுமார்.

ஆய்வகத் தொழில்நுட்பர் நாகஜோதி உப்பு மீட்டரை எடுத்து வந்து சோதித்தாள். முப்பத்தைந்து காட்ட வேண்டியது நான்கு காட்டியது. தொட்டியில் இருந்தது கடல்நீர் இல்லை, போர் தண்ணீர்!

7.10. பேராசிரியர் இஃப்திகார் வந்ததும் வராததுமாக மலையாண்டியைக் கூப்பிட்டார். தொட்டிகளுக்குத் தண்ணீர் விடும் தற்காலிக ஊழியர் அவர்தான். தெளிய வைத்த கடல்நீரின் குழாயும் போர் குழாயும் அடுத்தடுத்து இருந்தன.

"நேத்து கடைசியா தண்ணி விட்டது யாரு?"

"நாந்தாங்க. அஞ்சு மணிக்கு ஒரு குடம்."

"குழாயை மாத்தித் திறந்துட்டீங்க."

"இல்லைங்க சார்! வாடைக் காத்துல கடல் கலங்கிக் கெடக்கு. ரெண்டு நாள் தெளிய வச்சு, வடிகட்டித்தான் இங்கன கொண்டாந்து விடுறேன்."

"மத்தியானத்தோட நின்னுக்கங்க."

மலையாண்டிக்கு அது பன்னிரண்டு வருட வேலை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

நாகஜோதிக்கு இந்த மையத்தில் ஆய்வு செய்ய வரும் யாரைக் கண்டாலும் வயிற்றெரிச்சல்தான். அதை அவள் மறைத்ததும் இல்லை. பாதியில் விட்ட தன் படிப்பு அலமாரியில் கிடக்க, அவள் கழுவிக் கொடுத்த குடுவைகளை வைத்துப் பதினொரு பேர் டாக்டர் ஆகிவிட்டார்கள். பொறாமைப்படாமல் இருக்க அவள் என்ன கல்லா? ஆனாலும் மலையாண்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதை அவளால் தாங்க முடியவில்லை.

"சார், ஒரு குடம் மாறினா முப்பத்தஞ்சு நாலுக்கு இறங்காது. தொட்டியில இருந்த இருநூறு லிட்டரையும் வெளிய எடுத்துட்டுத்தான் போர் தண்ணியை ரொப்பியிருக்காங்க. அந்த உப்புத் தண்ணி எங்க போச்சு?"

"கீழே விட்டிருப்பாங்க."

அவள் குனிந்து வடிகாலைப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் ஓடிக் காய்ந்தால் சிமெண்டில் வெள்ளை பூத்திருக்கும். இங்கே ஒரு பொட்டு இல்லை.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்" என்றாள்.

7.50. நேராக வசந்தகுமாரின் அறைக்குப் போனாள். சுவரோரம் இருபது லிட்டர் கேன்கள் பத்து.

"என்ன தம்பி இது?"

"கடல் தண்ணி. என் தொட்டிக்கு."

"எப்பப் பிடிச்சே?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. நம்ம கரையிலதான்."

"நீயேவா?"

"நானேதான்."

"வடிகட்டினியா?"

"இல்லக்கா, அப்படியே பிடிச்சது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

8.30. எல்லோரும் அந்த அறையில் கூடினார்கள். மலையாண்டி அப்போதுதான் கரையில் பிடித்த ஒரு கேனை நாகஜோதி மேசையில் வைத்தாள். பால் ஊற்றிய டீ மாதிரிக் கலங்கல். பக்கத்தில் வசந்தகுமாரின் கேன். அடிவரை பளிங்குத் தெளிவு.

"நல்லாப் பாருங்க சார். ராத்திரி முழுக்கத் தெளிஞ்சாலும் அடியில ஒரு பிடி சேறாவது தங்கணும். இந்தப் பத்துலயும் தூசி கூட இல்லை. இது மலையாண்டியண்ணன் வடிகட்டி விட்ட தண்ணி. நாலாம் தொட்டித் தண்ணி!"

நாகஜோதி வசந்தகுமார் பக்கம் திரும்பினாள்.

"கீழே விட்டாத் தடம் தெரியும்னு கேன்ல பிடிச்சே. கேனுக்கு ஒரு காரணம் வேணுமேன்னு கடல்ல பிடிச்சதாச் சொன்னே. மூணு வருசமா கடலைப் பத்தி எழுதுறே, ஒருநாளாவது கரையில எறங்கித் தண்ணி பிடிச்சிருக்கியா? உனக்குக் கடல்னா அண்ணன் கொண்டாந்து வைக்கிற தெளிஞ்ச தண்ணிதான். வாடை மாசத்துல அது எப்படி இருக்கும்னு உனக்கு எங்கன தெரியும்?"

"ஒரே நாள்ல சேந்தோம் சார்!" வசந்தகுமார் வெடித்தான். "யும்னா மாதிரி எழுது, யும்னா மாதிரி பேசு. அந்தப் பேரு இல்லாம என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா? அவ தொட்டியைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

இஃப்திகார் வசந்தகுமாரிடம், செய்ததை எழுதித் தரச் சொன்னார். மலையாண்டியின் கையைப் பிடித்து, "தப்பாப் பேசிட்டேண்ணே. வேலையைப் பாருங்க" என்றார். யும்னாவுக்காகக் குழுவிடம் ஆறு மாத அவகாசம் கேட்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

யும்னா நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லேன்னா நான் என்னக்கா பண்ணியிருப்பேன்? ஆனா, எடுத்த எடுப்புல அவன் ரூமுக்குத்தானே போனீங்க? எப்படித் தெரிஞ்சுச்சு?"

நாகஜோதி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"காலையில செத்த பாசியைப் பாத்தப்போ அவன் மூஞ்சியில ஒரு சந்தோசம் வந்து போச்சு. சட்டுன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. ஏன்னா, எனக்கும் அதே சந்தோசம் வந்துச்சு. நான் ஊத்தலைன்னு எனக்குத் தெரியும். மிச்சம் அவன் ஒருத்தன்தானே?"

யும்னா பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள்.