வாறேன்

காலையில் ஜெயபிரியா கம்ப்யூட்டரைப் போட்டபோது ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையில் இருந்தது.

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. புதுக் கம்ப்யூட்டரில் அது திரையின் அடியில் நடுவில் இருக்கும். நடுவிலேயே இருக்கட்டும் என்பது அவள் கட்சி. பழையபடி மூலையில் வை என்பது பர்சானா கட்சி. மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டைப் பார்த்த அந்தச் சின்ன ஆன்லைன் சென்டரில் வேலை பார்ப்பதே இவர்கள் இரண்டு பேர்தான். இருக்கிற ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு கட்சி.

"ஏட்டி பர்சானா, மறுபடியும் மாத்திட்டியா?"

"நான் தொடவே இல்லக்கா. நடுவுல இருந்தா எனக்குக் கடுப்பாத்தான் வருது, மாமியா வீட்டு அடுக்களையில உப்புத் தேடுத மாதிரி. ஆனா மாத்துனா சொல்லிட்டுல்லா மாத்துவேன்."

பர்சானா சண்டை போடுவாள், பொய் சொல்ல மாட்டாள். ஜெயபிரியா பொத்தானை மறுபடி நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இந்தச் சண்டையை ஆரம்பித்து வைத்தவர் தில்லைநாயகம் அண்ணாச்சி. கடை அவருடையது. புது வடிவம் வந்திருக்கிறது, மாறிக்கொள் என்று பழைய கம்ப்யூட்டர் கெஞ்சும்போதெல்லாம் 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டு, மூக்குப்பொடி டப்பாவின் மூடியை டக்கென்று ஒரு தட்டுத் தட்டுவார். "ஸ்டார்ட்டு மூலையிலதாம்ட்டீ இருக்கணும். நடுவீட்டுலயா செருப்பக் கழத்திப் போடுவ? நான் இருக்க மட்டும் மாத்த விடமாட்டேன்" என்பார். 'மூடு' என்ற சொல்லே அவருக்கு ஆகாது. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்லிப் பழகியவர், கம்ப்யூட்டரை மட்டும் மூடுவாரா? அதை ஓய வைப்பதற்கென்று திரையின் இடது மூலையில் தனியாக ஒரு ஐகான் செய்து, அதற்கு 'வாறேன்' என்று பேர் வைத்திருந்தார். சாயங்காலம் அதை அமுக்கினால் திரை கறுக்கும், அண்ணாச்சி சட்டையை மாட்டுவார்.

சாரல் தொடங்கிய வாரத்தில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். பழைய கம்ப்யூட்டர் இரும்புக் கடைக்குப் போனது. அவர் மனைவி முத்துவடிவு புதுசு வாங்கிப் போட்டு, கடையை நடத்துங்கள் என்று விட்டுவிட்டாள்.

அந்தத் துஷ்டி வீட்டில் ஜெயபிரியா ஒரு தப்புச் செய்தாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். அவளுக்குத் தெரியாததில்லை. மகள் பாப்பாவை நர்சரியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்ட பதற்றம். ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்து, தினம் சாயங்காலம் சொல்லிச் சொல்லி ஊறிய பழக்கத்தில், "வாறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் பர்சானா பிரிண்டருக்கு டோனர் வாங்கத் தென்காசிக்குக் கிளம்பினாள். "வாறேங்க்கா" என்று குடையை விரித்தாள்.

அவள் போனதும் சாரல் கனத்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த காற்று ரோட்டின் ஈரத்தையெல்லாம் அள்ளிக் கடைக்குள் போட்டுவிட்டுப் போனது. தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிறவர்களை ஏற்றிய ஆட்டோக்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின, எதிர்க் கடையில் பொரிகிற நேந்திரங்காய்ச் சிப்ஸின் வாசமும் நனைந்த துண்டுகளின் புழுங்கல் வாடையும் பிரிண்டரின் சூட்டு வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் நின்றன. பகல்தான். ஆனாலும் டியூப் லைட் போட வேண்டியிருந்தது. அந்த வாடைகளுக்கெல்லாம் அடியில் இன்னொன்று மெல்ல எழும்பி வந்தபோது ஜெயபிரியா தட்டச்சு செய்த கையை நிறுத்தினாள். மூக்குப்பொடி.

டக்.

மவுஸ் சத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். அவள் கை மவுஸில் இல்லை.

ஸ்டார்ட் பொத்தான் மூலைக்குப் போயிருந்தது. அதற்கு மேலே, முன்பு அண்ணாச்சியின் ஐகான் இருந்த அதே இடத்தில், பேர் இல்லாத ஒரு ஐகான். இந்தக் கம்ப்யூட்டரை அண்ணாச்சி கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஐகானின் அடியில் ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது. வா. றே. ன்.

முத்துவடிவுக்குப் போன் போட்டாள்.

"மதினி, அண்ணாச்சியோட பழைய ஐகான் இங்கன வந்திருக்கு. யாராச்சும் வந்து வச்சாங்களா?"

எதிர்முனையில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"நீ அன்னைக்கு வாறேன்னு சொன்னத நானும் கேட்டேம்ட்டீ" என்றாள் முத்துவடிவு. "கேக்காத மாதிரி இருந்துட்டேன். அவுக லேசுல விட மாட்டாக, சொன்ன சொல்லப் பிடிச்சுக்கிட்டே இருப்பாக. சொன்னத மாத்திச் சொல்லிருட்டீ. இப்பமே சொல்லிரு."

போனை வைத்துவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். ஐகானின் பேர் நீண்டிருந்தது.

வாறேன்னியே.

எழுந்து ஓடலாம். கதவு திறந்துதான் இருந்தது, வெளியே ரோட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஓடினால் சொன்ன சொல் கூடவே வரும். வீட்டில் பாப்பா இருக்கிறாள். தினம் காலையில் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வாறேன்னு சொல்லும்மா" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் விடுகிறாள். அந்த வீட்டுக்குள் இதைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

டக். டக்.

வாறேன்னியே. எப்ப வாற?

முதுகுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அண்ணாச்சி உறிஞ்சுகிற மாதிரி, நீளமாக. அவள் திரும்பவில்லை. ஐகானின் பேரை அழித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மாற்றிச் சொல்ல வேண்டும். வாறேன் என்பதை மாற்றினால் என்ன? ஒன்றுதான் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்லவே கூடாத சொல். பாப்பா விளையாட்டுக்குச் சொன்னால்கூட வாயிலேயே ஒன்று போடுவாள். வரமாட்டேன் அண்ணாச்சி, நான் என் வழியில் போய்விடுகிறேன் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டுதான் அடித்தாள்.

போறேன்.

அமுக்கினாள்.

டக்.

திரை கறுத்தது. மூக்குப்பொடி வாடை நின்றது. சாரல் சத்தம் மட்டும். அவள் மூச்சு விட்டாள்.

கறுத்த கண்ணாடியில் கடை தெரிந்தது. டியூப் லைட் தெரிந்தது. பிரிண்டர். திறந்த கதவு. மழை. கதவுக்கு வெளியே கழற்றிப் போட்ட அவளுடைய செருப்பு. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி.

நாற்காலியில் யாரும் இல்லை.

கையைத் தூக்கினாள். கண்ணாடியில் எதுவும் அசையவில்லை.

"ஜெயாக்கா!" பர்சானா குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். ஜெயபிரியாவின் பையைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். "செருப்புகூடப் போடாம எங்க போயிட்டாக? கடைய இப்படித் தெறந்து போட்டுட்டு."

இங்கன இருக்கேம்ட்டீ. இங்கன.

பர்சானா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஜெயபிரியாவின் மேலேயே உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையில் இருந்தது.

"அப்பாடா" என்று சிரித்தாள். "கடைசியில மூலையிலயே வச்சிட்டாகளா!"

மேஜைமேல் ஜெயபிரியாவின் போன் அடித்தது. நர்சரியிலிருந்து. பர்சானா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நர்சரி விட்டு நேரமாகிவிட்டது, அழுகிறாள், அம்மா பேசினால் போதும் என்றார் டீச்சர். பிறகு விம்மலோடு பாப்பாவின் குரல்.

"அம்மா. வாறேன்னு சொல்லும்மா."

"அம்மா இங்கன இல்லடா, செல்லம்" என்றாள் பர்சானா.

ஜெயபிரியா வாயைத் திறந்தாள். வா என்று தொடங்கப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. உதடு குவிந்தது. பக்கத்தில், காதோடு காதாக, பொடி டப்பாவின் மூடியை யாரோ தட்டினார்கள்.

"வாறேன்னு சொல்லும்மா!"

அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு சொல்தான். அதையே சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போறேன். போறேன். போறேன்.