அவசரமில்லாத கை

நாற்காலி ஒரு சாண் நகர்ந்திருந்தது.

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்காகச் சுவரோரம் கிடக்கும் மர நாற்காலி அது. வீடு பெருக்கி முடித்ததும் அதைச் சுவரில் முட்டத் தள்ளிவைப்பது அவள் வழக்கம். நேற்றும் அப்படித்தான் வைத்தாள். இந்த அடைமழையில் காலையிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை, ஆனாலும் நாற்காலி தையல் மிஷினைப் பார்த்தபடி முன்னால் வந்து நின்றது. தூக்கக் கலக்கத்தில் நாமே இழுத்துப் போட்டிருப்போம் என்று திருப்பித் தள்ளிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். அவள் அப்படித்தான். எதற்கெடுத்தாலும் பயப்பட வேண்டியது, அப்புறம் அந்தப் பயத்துக்குத் தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்ள வேண்டியது.

புருஷன் இறந்து தனியாளான பிறகு அழைப்பு மணி அடித்தாலே அவளுக்கு நெஞ்சு பக்கென்று ஆகிவிடும். இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான், பிராணிகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் தங்கை ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு வெள்ளை எலி. தனியாக இருந்து செத்துப்போன ஒரு பெரியவர் வீட்டிலிருந்து மீட்டு வந்ததாம். கூண்டுக்குள் கை நுழைந்தால் போதும், மூலையில் ஒண்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கும். மனிதக் கை பட்ட எதையும் வாயில் வைக்காது. இப்படியே போனால் பிழைக்காது என்று தங்கை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"ரெண்டுமே பயந்தாங்கொள்ளிங்க, சரியான ஜோடி. நீ அதைப் பழக்குக்கா. இல்லைன்னா அது உன்னைப் பழக்கட்டும்."

பழக்குகிற முறையையும் சொல்லிக்கொடுத்தாள். முதலில் தள்ளி உட்கார வேண்டும், நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. தினம் கொஞ்சம் கிட்டே வர வேண்டும். பிறகு நாம் உடுத்திய துணியை அது படுக்கிற இடத்தில் போட்டு நம் வாசனையைப் பழக்க வேண்டும். அதற்கப்புறம் தீனி. அதற்கும் அப்புறம்தான் ஒற்றை விரலால் நெற்றியைத் தடவிக்கொடுப்பது. கையை மேலிருந்து கொண்டுபோகவே கூடாது, கீழிருந்துதான் நீட்ட வேண்டும்.

"அசையாம உட்கார்ந்திருந்தா பழகிடுச்சுன்னு நினைச்சுக்காதே," என்றாள் தங்கை. "ரொம்ப பயந்தாலும் அப்படியே உறைஞ்சு போயிடும்."

பெரியவர் வீட்டு எலி என்பதால் அதற்குச் சின்னவர் என்று பெயர் வைத்தாள். கூண்டில் சின்னவரோடு, பெரியவரின் கோடுபோட்ட சட்டையிலிருந்து கிழித்த ஒரு கையும் கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லித்தான் தங்கை போனாள். ஆனால் தையல்காரிக்கு நல்ல பருத்தித் துணியை எறிய மனசு வருமா? அதோடு, வாயில்லா ஜீவன் பழைய வாசனைக்கு ஏங்குமே என்றும் பாவமாக இருந்தது. அந்தச் சட்டைக்கையைத் தன் பழைய இரவு உடுப்பின் துண்டோடு சேர்த்து, பிரியாதபடி இரட்டைத் தையல் போட்டு, சின்னதாக ஒரு பை தைத்துக் கூண்டில் தொங்கவிட்டாள். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான் என்று சின்னவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

சின்னவர் அந்தப் பைக்குள் ஒரு நாளும் போகவில்லை. அதற்கு நேரெதிர் மூலையில், மரத்தூளுக்குள் புதைந்து, பையையே பார்த்துக்கொண்டிருந்தது. புதுசு அல்லவா, கூச்சப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மழை விடவில்லை. நாற்காலி மறுபடியும் நகர்ந்தது. தள்ளிவைத்தாள். மறுநாள் இன்னும் கிட்டே வந்தது. அவள் தலையணையில் ஒரு வாடை தட்டியது. ஊசி போடும் முன் தோலில் தேய்ப்பார்களே அந்த ஸ்பிரிட்டும், ஈர மரத்தூளும் கலந்த வாடை. உறை மாற்றலாம் என்று தூக்கியபோது அடியில் கோடுபோட்ட ஒரு துணி மடித்து வைத்திருந்தது. சட்டையின் இன்னொரு கை. கூண்டோடு வந்தது எப்படியோ இங்கே சிக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள், ஆனால் இந்தத் தடவை சமாதானம் எடுபடவில்லை.

மாலையில் மிஷின் மேஜை மேல், அவள் கை எட்டும் தூரத்தில், ஒரே ஒரு சூரியகாந்தி விதை இருந்தது. அவள் சின்னவருக்குத் தோலோடுதான் போடுவாள். இது தோல் உரித்திருந்தது.

தங்கைக்குப் போன் போட்டு, சாவி வைத்திருக்கிறாயே, வந்துவிட்டுப் போனாயா என்று சிரிக்கிற மாதிரி கேட்டாள். தெருவெல்லாம் தண்ணீர், எங்கே வருவது என்றாள் தங்கை. அந்தப் பெரியவர் என்ன வேலை பார்த்தார் என்று இவள் கேட்டாள். ஏதோ கல்லூரி ஆய்வுக்கூடத்தில், சோதனைக்கு வரும் எலிகளைப் பழக்கிக் கொடுக்கிற வேலையாம். தங்கை வியந்து வியந்து சொன்னாள்.

"அவர் கைக்கு வராத எலியே கிடையாதாம்க்கா. அவசரமே பட மாட்டாராம். தானா வர்ற வரைக்கும் காத்திருப்பாராம். கடைசியில பின்கழுத்துத் தோலைப் பிடிச்சுத் தூக்கி மேஜையில வைப்பாராம். அப்பக்கூட ஒண்ணும் துள்ளாதாம்."

சின்னவரின் பின்கழுத்தில் முடி உதிர்ந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சொட்டை இருந்தது. நோய் என்று நினைத்து அவள் எண்ணெய் தடவப் பார்த்த இடம். அது ஏங்கவில்லை. இத்தனை நாளும் அந்தப் பையைக் கண்டுதான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது. நான்தான் அதைக் கொண்டுபோய் அதன் கண்ணெதிரே தொங்கவிட்டேன்.

அப்போது கரண்ட் போனது. போனும் அணைந்தது.

இருட்டில்லை, ஜன்னலில் சாம்பல் நிறமாகக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே, கிட்டத்தில், நாக்கால் உச்சுக் கொட்டுகிற ஒலி. ட்ச். ட்ச். எலியைக் கூப்பிடுகிற மாதிரி. நாற்காலி மிஷினை ஒட்டி நின்றது.

பையை அறுத்து எறிந்துவிடத்தான் கூண்டைத் திறந்தாள். சின்னவர் பாய்ந்தது. ஓடவில்லை, அவள் விரலைப் பற்றி, கையில் ஏறி, கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கி, மார்பை ஒட்டி ஒண்டிக்கொண்டது. அந்தச் சின்ன நெஞ்சு அவள் நெஞ்சின் மேல் படபடத்தது. வந்துவிட்டது. தீனிக்கு இல்லை, அவளிடம் வந்துவிட்டது. இதற்காக எத்தனை நாள் ஏங்கினாள். கண்ணில் நீர் முட்டியது.

"பயப்படாதே," என்றாள். "நான் இருக்கேன்."

கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலி. பின்வாங்கினாள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் புகுந்து, குறுகி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகில் சுவர் சில்லென்றிருந்தது. ஸ்பிரிட் வாடை.

ட்ச். ட்ச்.

கை வந்தது. மேலிருந்து இல்லை. கீழிருந்து, தரையோடு தரையாக, உள்ளங்கை விரித்து. தோள் வரை துணியில்லாத கை. தோளில் கோடுபோட்ட சட்டையின் கிழிந்த நூல்கள். உள்ளங்கையில் உரித்த விதை. அது நீட்டியபடி நின்றது.

காத்திருந்தது.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் அசையவில்லை.

ஒற்றை விரல். அவள் நெற்றியில். மெதுவாக, முடி போகிற திசையில்.

அவள் சட்டைக்குள் சின்னவர் நடுங்குவதை நிறுத்திவிட்டது.

பின்னால் சுவர்தான் இருந்தது. இருந்தும் பின்கழுத்தில் இரண்டு விரல்கள் பட்டன. அவசரமே இல்லாமல் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சேர்த்தன.

அவள் பாதங்கள் தரையை விட்டு எழும்பின.