பதினான்கு டெசிபல்

ஃபேன் நின்று ஒரு நிமிடம் ஆகிவிட்டது. மீட்டர் பதினொன்றுக்கு இறங்கியிருக்க வேண்டும். பதினான்கில் நின்றது.

நான்கு சுவரிலும் கூரையிலும் முழ நீளத்துக்குக் கூம்பு கூம்பாகக் கறுப்பு ஸ்பாஞ்ச், கனத்த இரும்புக் கதவு, ஹாலைப் பார்க்க ஒரு இரட்டைக் கண்ணாடி ஜன்னல். சத்தத்தை அளப்பதற்கென்றே கட்டிய அறை அது. உள்ளே பேசினால் வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் செத்துவிடும். எல்லாம் அடங்கினால் மிஞ்சுவது பதினொரு டெசிபல்தான். வெளியே மூன்று டெசிபல் கூடினால் எவருக்கும் தெரியாது. இங்கே அது ஒரு ஆள்.

பெய்ஷான் மூச்சை அடக்கிக்கொண்டு பத்து வரை எண்ணினாள். பதினான்கு. சாப்பிடாத தன் வயிறுதான் சத்தம் போடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. வெளியே எல்லாரும் டப்பாச் சோற்றை முடித்து, விளக்கை அணைத்து, மேஜையில் தலை சாய்த்துவிட்டார்கள். பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை அந்த அலுவலகத்தில் ஒரு ஜீவன் விழித்திருக்காது. லிஃப்ட் ஓடாது, ஏசி ஓடாது. தைபேயில் பாதி ஊர் அப்போது அப்படித்தான் கிடக்கும். ஃபேன் சத்தத்தை அளக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் ஆறு ஹீட்சிங்க். ஐந்து போட்டிக் கம்பெனிகளுடையது, ஆறாவது தங்களுடையது. ஒரே ப்ராசஸர், ஒரே பசை, ஒரே சூடு. எது நன்றாகக் குளிர்விக்கிறது, எது குறைவாகக் கத்துகிறது என்று சொல்ல வேண்டும். நான்கு முடிந்திருந்தது. மற்ற இரண்டையும் முடித்தால் உடனே கிளம்பலாம். மழலைப் பள்ளியிலிருந்து காலையிலேயே ஃபோன் வந்திருந்தது, யுன்யுன்னுக்குக் காய்ச்சல் என்று. நான்கு வயது. அவளை விட்டால் பெய்ஷானுக்கு யாருமில்லை, பெய்ஷானை விட்டால் அவளுக்கும் யாருமில்லை. "அம்மா மத்தியானமே வந்துடுவேன்" என்று ஃபோனில் சத்தியம் செய்திருந்தாள்.

அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கு முன்னாலும் சோதிப்பவர் தன் முழுப் பெயரையும் ஹீட்சிங்கின் எண்ணையும் மைக்கில் சொல்ல வேண்டும். ஆவிகள் உலவும் சீன ஏழாம் மாதத்தில் மட்டும் பெயர் கூடாது, ஊழியர் எண்தான். பதினெட்டு வருடமாக அந்த அறையைப் பராமரிக்கும் குன் அண்ணன் காலையிலேயே வாசலை மறித்துக்கொண்டு சொன்னார்.

"நல்ல அண்ணன் தம்பிங்க ஊரெல்லாம் சுத்துற மாசம்மா. உள்ள போய் பேரைக் கீரைச் சொல்லி வெக்காத. நம்பரைச் சொல்லு, போதும்."

"நம்பரை வெச்சு யாருன்னு கண்டுபிடிக்க அதுங்களுக்குத் தெரியாதாண்ணே? நம்ம ஆபீஸ் ஆளுங்க மாதிரியே இருக்கும்போல."

"சிரி, சிரி. போன வருஷம் இதே மாசம் ஷியாவ்லானும் இப்படித்தான் சிரிச்சா. மத்தியானம் இந்த ரூம்லேருந்து வெளிய வந்தவ என்னைப் பாத்து 'சார்'னா. எட்டு வருஷமா அண்ணே அண்ணேன்னு சுத்துன பொண்ணு. மறுநாளே வேலையை விட்டுட்டா."

பேசிக்கொண்டே உள்ளே போய், கம்ப்யூட்டரின் தலையில் இருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தார். தேங்காய்ப் பால் வாசனை போட்ட சோளப்பொரி. அதன் பெயருக்கே 'சமத்தா இரு' என்றுதான் அர்த்தம். இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க எல்லாரும் வைப்பதுதான். தேதி தாண்டினால் பலிக்காது.

"போன வாரமே காலாவதி. சாப்பிடப் போறப்ப புதுசு வாங்கிட்டு வரேன்" என்று அதைக் குப்பையில் போட்டார்.

அவளோ மைக்கை இயக்கியதும், "வென் பெய்ஷான், ஒன்றாம் ஹீட்சிங்க்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றுக்கும் எண்தான் சொன்னாள்.

இப்போது மீட்டர் அசைந்தது. மெல்ல இறங்கிப் பதினொன்று. மறுபடி ஏறிப் பதினான்கு. ஏற மூன்று நொடி, இறங்க மூன்று நொடி. தூங்கும் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைக் காய்ச்சல் ராத்திரிகளில் பார்த்துப் பழகியவளுக்கு அது என்னவென்று புரிய நேரமாகவில்லை. யாரோ மூச்சு விடுகிறார்கள். அவள் விடவில்லை.

ஐந்தாம் ஹீட்சிங்கின் ஃபேனை நிறுத்தி, வெறும் உலோகம் எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்க்கும் கட்டம் அது. இந்நேரம் தொண்ணூறு டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். திரையைப் பார்த்தாள். எண்பத்தொன்று. எழுபத்தாறு. எழுபது. ஃபேன் அசையவே இல்லை, சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

கையை நீட்டினாள். அலுமினியத் தகடுகளின் நடுவிலிருந்து உள்ளங்கையில் காற்று பட்டது. ஈரக் காற்று. சுடுகஞ்சியைக் குழந்தைக்கு ஆற்றிக் கொடுப்பது மாதிரி, பக்குவமாக, விட்டு விட்டு யாரோ ஊதினார்கள். சிக்குப் பிடித்த தேங்காய் வாடை அடித்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

மைக் கோளாறாக இருக்கட்டும், சென்சார் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஹெட்ஃபோனை மாட்டி, பழைய பதிவுகளை ஓடவிட்டாள். ஒன்று: அவள் குரல், அவள் பெயர், ஃபேன் சத்தம். இரண்டு: அவள் ஊழியர் எண். அதன் பின்னால், ஃபேனுக்கு அடியில், பல் முளைக்காத குழந்தை பேசப் பழகுவது போல, "வெ... வெ..." மூன்று: "வென்... பெய்..." கரகரத்தது. யாருடைய குரலும் இல்லை.

நான்கு.

"வென் பெய்ஷான்?"

அவளுடைய குரலேதான். கேள்வியாக. காதோரம்.

"ம்" என்றாள்.

யோசிக்கவே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் தானாகச் சொல்லும் ம்.

மீட்டர் பதினொன்றுக்கு இறங்கியது. மூச்சு நின்றது. காற்று நின்றது. போதும், வேலை போனாலும் போகட்டும் என்று எழுந்து கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த மாதிரி தெரியவில்லை. மறுபடி பிடித்தாள். விரலுக்குக் குளிர்ச்சி இல்லை, இரும்பு இல்லை.

கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். இருட்டு ஹால். கவிழ்ந்த தலைகள். அவள் நாற்காலியில், அவளுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை. விளக்கு எரிந்தது. தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவள் நாற்காலியில் இருந்தவளும் நிமிர்ந்தாள். கன்னத்தில் சட்டைக்கையின் மடிப்புத் தடம். பெய்ஷானின் முகம். மேஜையில் ஒளிர்ந்த ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குன் அண்ணன் கதவைத் திறந்தார். ஹாலின் சத்தம் உள்ளே வந்தது, கூடவே அவள் ஃபோனில் பேசுவதும்.

"ஆமா, வென் பெய்ஷான்தான். யுன்யுன்ன ரெடியா வைங்க. இதோ வந்துட்டேன்."

"என்னம்மா, எல்லாம் முடிஞ்சுதா?" என்று குன் அண்ணன் நாற்காலியில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"முடிஞ்சுது, சார்."

அவர் மெல்ல அறைப் பக்கம் திரும்பினார்.

பெய்ஷான் கத்தினாள். அவர் காதுக்குள் கத்தினாள், அண்ணே அது நான் இல்லண்ணே, குழந்தைகிட்ட போகுதுண்ணே என்று கத்தினாள். திறந்திருந்த கதவு வழியே பாய்ந்தாள். மறுபடி அறையின் நடுவிலேயே நின்றாள். மீட்டர் பதினான்கு காட்டியது. வேறு எதுவும் அசையவில்லை. கடைசியாக ஹீட்சிங்கின் மேல் குனிந்து பலம் கொண்ட மட்டும் ஊதினாள். எழுபத்திரண்டு. அறுபத்தெட்டு. அறுபத்து மூன்று.

குன் அண்ணன் திரையைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். நின்றிருந்த ஃபேனைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கட்டியது. அவருக்குத் தெரிந்துவிட்டது. பெய்ஷான் இன்னும் பலமாக ஊதினாள்.

அவர் பையிலிருந்து புதுப் பச்சைப் பொட்டலத்தை எடுத்தார். தேதியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதைக் கம்ப்யூட்டரின் மேல் வைத்தார்.

"சமத்தா இரும்மா" என்றார்.

விளக்கை அணைத்தார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் யுன்யுன்னின் மஞ்சள் மழைக்கோட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெய்ஷான் கத்த வாயைத் திறந்தாள்.

மீட்டர் பதினொன்றுக்கு இறங்கியது.