கேலரிக்குள்ளே யார்?

“ஐயோ... பொணம்! கேலரிக்குள்ள பொணம்!”

வேர்க்கடலை விற்கும் வெள்ளையம்மாள் போட்ட கூச்சலில் ஏரிக்கரை மைதானத்துக் காக்கைகள் அத்தனையும் திண்டிவனத்தை விட்டே கிளம்பிவிட்டன.

தலையில் இருந்த கூடை கீழே. வேகவைத்த மல்லாட்டை மைதானம் முழுக்க. வெள்ளையம்மாள் ஓட்டம்!

இத்தனைக்கும் அவள் பிணத்தைப் பார்க்கவில்லை.

முகர்ந்துதான் பார்த்தாள்.

சற்று நேரத்தில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தேவநாதன் இறங்கினார். பின்னாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு கான்ஸ்டபிள் பூமாலை.

“எங்கேர்ந்து வருது?”

“அதோ, அந்த மூலைங்க. நெழலாச்சேன்னு கூடைய எறக்கப் போனேன். கொடலே வெளிய வந்துடும் போல இருந்துது!”

“எலி கிலி செத்திருக்கும்மா.”

“இந்த நாத்தத்துக்கு யானை சாவணும் சாமி! உள்ள பெரியசாமி கீறான்.”

“யாரு பெரியசாமி?”

“மைதானத்து வாட்ச்மேனுங்க. போன சனிக்கெழமலேர்ந்து ஆளைக் காணல. கொத்தனாரு அன்னிக்கே கத்துனாரு... ‘உன்ன உள்ள வெச்சிப் பூசிடுவேன்டா’ன்னு! என் ரெண்டு காதால கேட்டேன்!”

தேவநாதன் கேலரியை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தக் கேலரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மாநில சடுகுடுப் போட்டி திண்டிவனத்தில் என்று முடிவானதும் மெட்ராஸ் இன்ஜினீயர் ஒருவர் ஸ்டேடியம் வரைந்து கொடுத்தார். நாலு பக்கமும் கேலரி. வாசலில் கோபுரம். கோபுரத்தில் கடிகாரம்!

வந்தது அறுபத்தாறாம் வருஷம். மழை பொய்த்தது. ரூபாயின் மதிப்பு சரிந்தது. அரிசிக்கு ரேஷன், சிமெண்ட்டுக்குப் பர்மிட். ஸ்டேடியத்தில் முதலில் கடிகாரம் போயிற்று. பிறகு கோபுரம் போயிற்று. பிறகு மூன்று கேலரிகள் போயின. மிஞ்சியது மேற்கே ஒன்றே ஒன்று. அதுவும் சிக்கனக் கேலரி. படிப்படியாகச் செங்கல் சுவர், நடுவில் மண், மேலே பேருக்கு ஒரு சிமெண்ட் தளம்.

நாளைக் காலை போட்டி. மதுரை டீம் ரயில் ஏறியாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் நாற்றம்!

கொத்தனார் சவுரிராயன் கேலரியின் உச்சியில் நின்று வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எறங்கி வாய்யா! பெரியசாமி எங்க?”

“எனக்கு இன்னா சார் தெரியும்? சொல்லாம கொள்ளாம பூட்டான்.”

“உள்ள வெச்சிப் பூசிடுவேன்னு சொன்னியா, இல்லியா?”

“சொன்னேன் சார். கோவத்துல சொன்னேன். தளத்துக்குத் தண்ணி ஊத்துடான்னா மாட்டேன்றான். புதுத் தளம் சார்! ஈரம் காயாம வெச்சாத்தான் இறுகும். நாளைக்கு ஜனம் ஏறி உக்காரும், உழுந்தா யாரு பதில் சொல்றது? அவன் போனதுலேர்ந்து நானே ஊத்திக்கினு கீறேன்.”

“கொன்னுட்டு தெனம் குளிப்பாட்டவும் செய்யிறாரு சார்,” என்றார் பூமாலை.

“நீ சும்மா இரு. ஏன்யா, அவன் எதுக்கு ஊத்த மாட்டேன்னான்?”

“பிரசிடென்ட் வாணாம்னு சொன்னாராம் சார்.”

தேவநாதன் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். ஆனாலும் விலங்கை எடுத்தார். ஆள் மாயம், மிரட்டலுக்குச் சாட்சி, மூக்கைத் துளைக்கும் நாற்றம்... வேறென்ன வேண்டும்? கொலைக் கேஸ். தூக்குமேடை வரை போகிற கேஸ்!

“சார்... சார்!” தலைவிரி கோலமாக ஓடி வந்தாள் சவுரிராயனின் மனைவி இருதயமேரி. “கோழி அறுக்கணும்னாகூட பக்கத்து ஊட்டு ஆளைக் கூப்பிடுற மனுசன் சார் இது! இது போயி கொலை பண்ணுமா?”

பூமாலைக்கே பாவமாக இருந்தது. விலங்கை மாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கடப்பாறை எடுத்துக்கினு வாங்கப்பா. கேலரிய இடிங்க.”

“நிறுத்துங்க!”

புழுதி பறக்க ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் விருத்தாசலம். அரிசி ஆலை முதலாளி. போட்டிக் கமிட்டியின் பிரசிடென்ட்.

“இன்னா இன்ஸ்பெக்டர் இது! நாளைக்குக் கலெக்டர் வர்றாரு. கொத்தனாரை இட்டுக்கினு போங்க. தூக்குலகூட போடுங்க. கேலரிய மட்டும் தொடாதீங்க!”

“உள்ள பொணம் இருக்குன்றாங்க சார்.”

“இருக்கட்டுமே! போட்டி முடியட்டும். அது எழுந்து எங்க போய்டப் போவுது?”

“தளத்துக்குத் தண்ணி ஊத்த வாணாம்னு சொன்னீங்களாமே?”

விருத்தாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏரியே காஞ்சி கெடக்கு சார். மனுசன் குடிக்கத் தண்ணி இல்ல. சிமெண்ட்டு குடிக்கணுமா?”

நியாயம்தான். ஆனாலும் பிணம் பிணம்தானே!

கடப்பாறை உயர்ந்தது...

“இன்னா சார்? யாரு செத்துட்டாங்க?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் எட்டிப் பார்த்தான். கையில் மஞ்சள் பை.

வெள்ளையம்மாள் மறுபடி அலறினாள். “ஐயோ, பேயி!”

பெரியசாமி!

“பஸ் ஸ்டாண்டுல எறங்குனா, நான் செத்துட்டேன்னு சொல்றாங்க. ஒரே பேஜாராப் போச்சு சார். அதான் ஜல்தியா வந்தேன், இன்னான்னு பாக்கலாம்னு.”

“எங்கடா போயிருந்த?”

“விழுப்புரம் சார். முதலாளியோட மச்சான் ஆலையில காவலுக்கு ஆளில்லியாம். போட்டி முடியிற வரைக்கும் வராதன்னு இவருதான் பஸ் ஏத்தி உட்டாரு. சடுகுடு பாக்காம எப்டி சார் இருக்கிறது? வந்துட்டேன்.”

“பாத்தீங்களா!” விருத்தாசலம் கைதட்டிச் சிரித்தார். “ஆளு குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். கேஸ் முடிஞ்சிது! எல்லாரும் ஊட்டுக்குப் போங்க!”

விலங்கு கழன்றது. இருதயமேரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சவுரிராயன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். தேவநாதன் ஜீப்பில் ஏறினார்.

சவுரிராயன் மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு கேலரியில் ஏறினார். நாளைக்கு ஜனம் உட்கார வேண்டுமே!

“ஊத்தாத!”

விருத்தாசலம் வீறிட்டார்.

ஜீப்பின் என்ஜின் அணைந்தது. ஆள் மாயமானதற்குக்கூட இப்படிப் பதறாத மனிதர், ஒரு வாளித் தண்ணீருக்கா இப்படி அலறுகிறார்? தேவநாதனுக்கு மூக்கில் வியர்த்தது.

“சார்...” மேலிருந்து சவுரிராயனின் குரல். “மூலையில தளம் விரிசல் உட்டுருக்கு. உள்ளேர்ந்து புல்லு மாதிரி மொளைச்சிக்கினு வருது.”

பிடுங்கிக் கொண்டுவந்து காட்டினார். வேரில் உமி ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். “புல்லா? நெல்லு நாத்து சாமி இது!”

“உள்ள மண்ணு நெரப்புனது யாருய்யா?”

“முதலாளிதான் சார், தன் சொந்தச் செலவுல. ஞாயித்துக்கெழம நான் வேலைக்கு வர மாட்டேன், மாதா கோயிலுக்குப் பூடுவேன். பெரியசாமி போறதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமதான் நெரப்புனாங்க. திங்கக்கெழம வந்தா மேல மணல் பரப்பித் தயாரா இருந்துது. அது மேல தளம் போட்டேன். சிமெண்ட்ட கொறைச்சிப் போடுன்னு அவருதான் சொன்னாரு.”

“இடிங்கப்பா!”

இடித்தார்கள்.

மணலுக்கு அடியில் மூட்டை. மூட்டைக்கு அடியில் மூட்டை. சனமெல்லாம் ரேஷன் கடை வாசலில் காய்ந்துகொண்டிருந்தபோது விருத்தாசலம் பதுக்கி வைத்த நெல்! மேல் வரிசை மட்டும் ஊறி, வெடித்து, அழுகி, முளைவிட்டு... ஊரையே கூட்டிய நாற்றம் அதுதான்.

“ஆலையை சோதனை போட்டாங்க, குடோனை சோதனை போட்டாங்க. கேலரியை யாரு சோதனை போடப் போறாங்க?” தேவநாதன் சிரித்தார். “நல்ல யோசனைதான் முதலாளி. ஆனா சிமெண்ட்ட கொறைச்சிப் போடுன்னு கொத்தனார்கிட்ட சொன்னதும் நீங்கதானே? தளம் ஒழுகாம இன்னா பண்ணும்? நெல்லுக்குத் தண்ணி போவக் கூடாதுன்னு, ஊத்துற ஆளையே ஊரை விட்டு அனுப்பிட்டீங்க. ஏன் அனுப்புனீங்கன்னு நான் தோண்டுவேன்னு பயந்து, அவன் உசுரோட இருக்கான்னுகூட சொல்லல. இந்த மனுசன் தானே தூக்கி ஊத்துவார்னு உங்களுக்குத் தோணல!”

சற்று முன் சவுரிராயன் கையில் கிடந்த விலங்கு விருத்தாசலத்தின் கைக்கு மாறியது.

“என்னை உள்ள போட்டுடுவீங்க,” விருத்தாசலம் கறுவினார். “கேலரிய இடிச்சிட்டீங்களே! நாளைக்கு வர்ற ஜனம் எங்க உக்காரும்?”

எல்லாரும் இடிந்த கேலரியைப் பார்த்தார்கள்.

சவுரிராயன்தான் காய்ந்த மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தேவநாதனைப் பார்த்தார்.

மறுநாள் காலை. கலெக்டர் வந்தார். மதுரை டீம் வந்தது. மைதானத்தின் மேற்கே புதுக் கேலரி, சவுரிராயன் தன் கையால் அடுக்கியது. செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை. படிப்படியாக நெல் மூட்டை! சர்க்கார் பறிமுதல் செய்த மூட்டைகளுக்கு நாலு போலீஸ் காவல். முதல் வரிசையில் இருதயமேரி, காலை நீட்டிக்கொண்டு, மல்லாட்டை கொறித்தபடி.

“இன்னாய்யா பூமாலை, அப்பிடி பாத்துக்கினு நிக்கிற?”

“ஒண்ணுமில்ல சார். அரிசிக்காக நின்னு நின்னே காலு வீங்குன ஜனம்... இன்னிக்குத்தான் அது மேல உக்காந்திருக்கு!”