இடுப்பு வளையம்

திருவெலும்பு அவ்வளவு எளிதாகப் பொருந்தியிருக்கக் கூடாது.

முதுகுத்தண்டின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இறுகி முக்கோணமாகிவிட்ட எலும்பு அது. அதன் இருபக்கமும் கரடுமுரடாக இருக்கும். ஒருவருடைய திருவெலும்பு அவருடைய இடுப்பெலும்புகளோடு மட்டுமே கச்சிதமாகச் சேரும். உடற்கூறியல் ஆசிரியையான அவள் மருத்துவ மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது இதைத்தான். பெட்டியில் கலந்து கிடக்கும் வெவ்வேறு ஆட்களின் எலும்புகளைக் களிமண்ணும் ரப்பர் பட்டையும் வைத்துத்தான் வளையமாக நிறுத்த முடியும். இன்று களிமண்ணைப் பிசைவதற்குள் மூன்று எலும்புகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன.

"இடது இடுப்பு ஆம்பளையோடது, வலது பொம்பளையோடது, நடுவுல இருக்கிறது யாரோடதோ மேடம்," என்றார் எலும்பறை உதவியாளர். "உயிரோட இருந்திருந்தா இவ்வளவு ஒத்துப்போயிருக்க மாட்டாங்க. எட்டு மாச வயித்தை வச்சுக்கிட்டு ஏன் நிக்கிறீங்க, உட்காருங்க."

"உட்கார்ந்தா என்னைத் தூக்க கிரேன்தான் வரணும், அண்ணே."

அவர் சிரித்தபடி டீ குடிக்கப் போனார்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சம் மேசைமேல் இருந்த வளையத்தின் நடுவில் மட்டும் இறங்காமல் நின்றபோது, சொடக்கு எடுத்தது போல ஒரு சத்தம் கேட்டது. தன் இடுப்புதான் என்று நினைத்தாள். கர்ப்பத்தில் அங்கே மூட்டுகள் தளரும். பிள்ளைக்கு வழிவிடத்தான்.

மறுபடி சத்தம். மேசையிலிருந்து. வலி மட்டும் அவளுக்கு.

திருவெலும்பைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. அவளுடைய அடிமுதுகு பிளப்பது போல வலித்தது. விட்டாள். வலி நின்றது.

"அப்படியா சங்கதி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. மீண்டும் இழுத்தாள்.

விலாவுக்குக் கீழே ஓயாமல் உதைக்கும் பிள்ளை, உதைப்பதை நிறுத்தியது. பிறகு நகர்ந்தது. கீழே அல்ல. வேறெங்கோ. ரத்தம் இல்லை, நீர் இல்லை. புடைத்து நின்ற அவளுடைய வெள்ளைக் கோட்டு மெல்லத் தொய்ந்து, நேராகத் தொங்கியது.

வயிற்றைத் தொட்டாள். தட்டை.

வளையத்துக்குள் ஈரம் மினுங்கியது. கறுப்பாக. தலைமுடி.

பிறக்கும் பிள்ளையின் முகம் திருவெலும்பின் குழிவைப் பார்த்துத் திரும்ப வேண்டும். வளையத்துக்குள் அந்தத் தலை மெதுவாகத் திரும்பியது.

கதவு திறந்துதான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அது என் பிள்ளை," என்றாள், எலும்புகளிடம். "உங்க மூணு பேருல ஒருத்தருக்கும் கிடையாது."

பிறகு குனிந்து, தணிந்த குரலில், "வாடா. அம்மா இருக்கேன்."

இரு கைகளையும் வளையத்துக்குக் கீழே ஏந்தினாள்.

சின்ன உச்சந்தலை ஒன்று துடித்துக்கொண்டு அவள் விரல்நுனியைத் தொட்டது. சூடாக இருந்தது.

வளையம் சுருங்கத் தொடங்கியது.